பத்து மணித்தியாலப் பைத்தியம்

நாற்பது குதிரைவலு! 2014 மாடல் போர்ஷே 911 ஜிடி3 காருக்கு 475 என்று சொல்லிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்காதேங்கோ. அது எனக்கும் தெரியும். அந்தக் காரைப் பற்றி இரவிரவாக வாசித்து மனுசியிடம் ஏச்சு வாங்குகிறவன் நான். இருந்தாலும் சொல்கிறேன்: முள்ளிவாய்க்கால் கரையில், பெட்டி உடைத்து எடுத்த புத்தம்புது யமஹா நாற்பதை ஒரு பைபர் போட்டின் கடையாரில் பூட்டி, அதைக் கடலில் ஓட்டிப் பழக்குகிற அந்தப் பத்து மணித்தியால இன்பம் இந்த உலகத்தில் எந்தக் கார்க்காரனுக்கும் கிடைக்கப்போவதில்லை. எழுதித் தருகிறேன். முத்திரையில் கையெழுத்துப் போட்டும் தருவேன்.

இஞ்சின் என்னுடையது இல்லை, அத்தானுடையது. எனக்குக் கடல் தொழில் தெரியாது, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், வலை பிடித்தால் என் கால்தான் முதலில் சிக்கும். ஆனால் இஞ்சின் என்றால் எனக்கு அறிவு மழுங்கிப்போகும். பெட்டியின் ஆணி கழன்று மூடி திறந்ததும் வந்த வாசம் இருக்கே, புது ரப்பரும் கிறீசும் பெயின்றும் கலந்த அந்த வாசம், அதை நான் குனிந்து மூக்கை வைத்தே இழுத்தேன். கரையில் நின்ற அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டா. எனக்கு வெட்கமே வரவில்லை. பிறகு மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார் மெக்கானிக் அண்ணை: இரண்டு சிலிண்டர், ஒரு கீறல் இல்லை, ஒரு துளி உப்பு இல்லை. இனி அதன் ஆயுள் முழுக்க உப்புத்தான் என்று நினைக்க எனக்கு நெஞ்சு ஒருமாதிரிப் போய்விட்டது. இஞ்சினுக்காக! கேளுங்கோ, ஒரு இஞ்சினுக்காக!

பழக்குவது என்றால் என்ன? வெளியே பார்த்தால் சும்மா மெதுவாக ஓடுவது. உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கோ. புது சிலிண்டரின் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது, இருக்கவும் கூடாது. தொழிற்சாலையில் வேண்டுமென்றே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் கீறி விடுகிறார்கள். அந்தக் கோடுகளில்தான் ஒயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையங்களும் புதிசு, சுவரும் புதிசு, இரண்டும் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. எரிகிற வாயுவின் அழுத்தம் வளையத்துக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ள, இரண்டிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுகள் தேய்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று அளவாக வந்துசேருகிற வேலைதான் இந்தப் பத்து மணித்தியாலமும் நடக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் சூடு ஏறி ஒயில் படலம் கிழிந்து சுவர் உரஞ்சிப் போகும், இன்னும் போனால் பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்து நாள் முழுக்க நோகாமல் ஓட்டினாலோ, வளையத்தைத் தள்ளப் போதிய அழுத்தம் இல்லாமல் சுவரில் ஒரு பளபளப்புப் படிந்துவிடும், பிறகு அந்த இஞ்சின் ஆயுசுக்கும் இறுக்கம் பிடிக்காது. இடையில் ஒரு ஒடுக்கமான வழி, அதில்தான் போகவேணும். எவ்வளவு அழகான பிரச்சினை!

இதற்குத்தான் சீமையில் கார்க்காரர் அடிபடுகிறார்கள். போர்ஷேக் கம்பனி தன் கார்களுக்குப் பொதுவாகச் சொல்வது, முதல் 3000 கிலோமீற்றர் வரை இஞ்சினை நிமிடத்துக்கு சுமார் 4000 சுற்றுக்கு மேல் போகவிடாதீர்கள், குளிர்ந்த இஞ்சினில் கிட்டத் தூரப் பயணம் வேண்டாம், நீண்ட பயணம் நல்லது என்று. பிஎம்டபிள்யூ எம் ரகக் கார் வாங்கினால் 2000 கிலோமீற்றரில் கொண்டுபோய் இஞ்சின் ஒயிலும் பின் டிபரென்சல் ஒயிலும் மாற்றவேணும். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய காரை ஆறு மாதம் பூனைநடை நடத்த அவர்களுக்குப் பொறுக்குமா? ஒரு கூட்டம் கையேட்டை வேதமாகப் பிடித்துக்கொள்ளும். மற்றக் கூட்டம், முதல் நாளே முறுக்கி ஓட்டினால்தான் வளையம் உட்காரும் என்று சத்தியம் பண்ணும். இந்தச் சண்டை அங்கே மட்டும் என்று நினைத்தீர்களா? எங்கள் மீன்வாடிக்குள் வாங்கோ! அதே சண்டை, அதே சூடு, வெற்றிலைச் சாறு மட்டும் மேலதிகம். "ஆரம்பத்திலேயே அடிச்சு ஓடினால்தான் இஞ்சின் வேகம் குடுக்கும்" என்கிறார் ஒரு சம்மாட்டி. "உன்ரை முதல் இஞ்சின் எங்கை கிடக்குது எண்டு சொல்லன்" என்று மெக்கானிக் அண்ணை கேட்க, வாடியே சிரித்து உருண்டது.

சரி, கடலுக்கு வாங்கோ. விடியப்புறம். சோளகம் எழும்ப முந்தின நாட்கள், அலை கரையில் சும்மா ஒப்புக்கு வந்து மடிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு இறங்குதுறை ஒன்றும் கிடையாது, மணலில் தள்ளி இறக்கி, அலை இரண்டைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் ஏறவேணும். அத்தான் ஒயில் கலந்த பெற்றோலைத் தாங்கியில் ஊற்றினார். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஒயில் தனியாக இல்லை, எரிபொருளோடே போய் எல்லாவற்றையும் நனைக்கும். வழக்கத்துக்கு 50 பங்குக்கு 1 பங்கு ஒயில் என்றால், பழக்கும் காலத்தில் 25க்கு 1, அதாவது இரட்டிப்பு. கயிற்றை இழுத்தார். முதல் இழுவை ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு இருமல். மூன்றாவது... ஐயோ, அந்தச் சத்தம்! நீலப்புகை ஒரு சுருளாக எழும்பி என் முகத்தில் அடித்தது, நான் வாயைத் திறந்துகொண்டு நின்றதால் பாதியை விழுங்கியும் விட்டேன். பக்கவாட்டில் சின்னத் துளையால் கடல் தண்ணீர் பீச்சத் தொடங்கியது. அதுதான் இஞ்சின் குளிர்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நூல் போன்ற தண்ணீர் நின்றால் மணலோ பாசியோ அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்தவேணும். நான் அதற்குக் காவலாளி. கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தான் சொன்னதால் இல்லை, எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்ததால்.

கையேட்டின்படி முதல் பத்து நிமிடம் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவு. கரையில் நாய் ஒன்று எங்களுக்குச் சமாந்தரமாக நடந்துவந்து, சலித்துப்போய்ப் படுத்துவிட்டது. அடுத்த ஐம்பது நிமிடம் பாதித் திறப்புக்கு மேல் போகக்கூடாது, 3000 சுற்றை ஒட்டி. இது சலிப்பாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல! அந்த ஐம்பது நிமிடத்தில் சத்தம் மாறுகிறது, கண்டியளோ! தொடக்கத்தில் ஒரு கரகரப்பு, உலோகம் உலோகத்தோடு முறைத்துக்கொள்கிற மாதிரி ஒரு மேல்சத்தம். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி உருண்டு வருகிறது. நான் பலகையில் கையை வைத்து அதிர்வை உணர்ந்துகொண்டிருந்தேன், ஒரு கட்டத்தில் கன்னத்தையும் வைத்தேன். "தம்பி, தலைசுத்துதோ?" என்றார் அத்தான். "இல்லை அத்தான், கேட்கிறன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் இஞ்சின் மூடியில் தன் உள்ளங்கையை வைத்து அவரும் கேட்கத் தொடங்கினார். அங்கே பிடிபட்டார் ஆள்!

இரண்டாவது மணித்தியாலம்தான், இரண்டாவது மணித்தியாலம்தான் எல்லாமே. படகை நீர்மேல் எழும்பும் அளவுக்கு முறுக்கி, எழும்பியதும் முக்கால் திறப்புக்குக் குறைத்து, அந்த எழுச்சியை விடாமல் ஓடு என்கிறது கையேடு. நினைச்சுப் பாருங்கோ: அத்தான் கைபிடியை முறுக்குகிறார், கடையார் அப்படியே குந்துகிறது, அணியம் வானத்தைப் பார்த்துத் தூக்குகிறது, முன்னால் கடல் தெரியவில்லை, ஆகாயம் மட்டும்தான், இஞ்சின் முக்குகிறது, எனக்கும் முக்கவேணும் போலக் கிடக்கிறது, உண்மையில் முக்கினேன், ஏதோ நான் தள்ளினால்தான் போகும் என்ற மாதிரி, பிறகு ஒரு கணம், ஒரேயொரு கணம், எல்லாம் தொங்கி நிற்கிறது, டப்பென்று அணியம் கீழே விழுந்து படகு தண்ணீரை வெட்டுவதை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மேலே ஓடத் தொடங்குகிறது, அடிப்பலகையில் சின்ன அலைகள் தடதடதடவென்று தட்டுகின்றன, காது இரண்டும் காற்றால் நிரம்பி, கண்ணால் தண்ணீர் ஓடி, உப்புத் தூவானம் உதட்டில் படிய, நான் எழும்பி நின்று "அம்மாளாச்சி!" என்று கத்தியே விட்டேன், கத்தியதும் அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தில் இருந்தவர்கள் யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து எழும்பிப் பார்த்தார்கள், நான் அவர்களுக்கும் கை காட்டினேன், அவர்களும் காட்டினார்கள், அத்தானோ முக்காலுக்குக் குறைத்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், அந்த மனிசன் பல்லுத் தெரியச் சிரித்து நான் கண்டது கொஞ்சம்.

இதிலே ஒரு கணக்கு இருக்கிறது, சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. அந்த ஜிடி3 காரின் இஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும், உலகமே அதைக் கேட்டு மயங்குகிறது, நானும் கைபேசியில் கேட்டு மயங்கியவன்தான். ஆனால் அது நாலு அடிப்பு இஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் ஒரு சிலிண்டரில் நெருப்புப் பிடிக்கும். 9000 சுற்றில் நிமிடத்துக்கு 4500 வெடிப்பு. எங்கட யமஹா டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு! 5000 சுற்றில் ஓடினால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 5000. பார்த்தீர்களா? பார்த்தீர்களா! இதைக் கண்டுபிடித்த இரவு நான் மனுசியை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இன்னொன்று. கார் ஒன்று நல்ல வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது இஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை, தன் வலுவில் ஒரு சின்னப் பங்கோடு காலம் தள்ளும். படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் எப்போதும் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், போகும் தூரம் முழுக்க மலை ஏறுகிற வேலை. போதாததற்கு உப்பு, மணல், வலையும் மீனும் ஐஸும். இதையெல்லாம் வருடக்கணக்காகத் தாங்குகிற ஒரு சாமானை நாங்கள் வெறும் 'இஞ்சின்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

முள்ளிவாய்க்கால் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? மே 18 வந்தால் நாங்களும் கஞ்சி காய்ச்சுகிறோம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் போர் எங்களைக் கொண்டுவந்து நிறுத்திய அந்த மாதங்களை ஒருவரும் மறக்கவில்லை. 2009இல் இந்தக் கரையில் விட்டுப்போன படகுக்கும் இஞ்சினுக்கும் கணக்கில்லை, அத்தானுடையதும் அதில் ஒன்று. திரும்பி வந்த பிறகு சின்ன இஞ்சின், பிறகு பழைய இஞ்சின், பிறகு கடனில் இன்னொரு பழைய இஞ்சின். பெட்டி உடைத்துப் புதிசாக எடுத்தது இதுதான். ஆகவே நான் கொஞ்சம் கூடத் துள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அதோடு, இஞ்சின் பைத்தியம் இந்த மண்ணில் என்னோடு தொடங்கியதும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் என்பது மருந்து. சின்னப் போத்தலில் வைத்துக் காபரேற்றருக்குத் துளித்துளியாகக் காட்டி மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு போனார்கள். எம்டி 90 ஹொண்டாக்களும் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அப்படித்தான் ஓடின. வீதியெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை, சின்னப் பெடியனாக நான் அதன் பின்னால் ஓடி ஓடி மணந்தவன். 2002இல் தடை தளர்ந்து பெற்றோல் வந்தபோது அந்த வாசம் போய்விட்டதே என்று கொஞ்சம் கவலைப்பட்ட ஒரே பிராணியும் நானாகத்தான் இருக்கும். அந்த இஞ்சின்களைச் செய்த வெள்ளைக்காரரும் யப்பானியரும் வந்து பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். கடல்நீரில் விளக்கெரிகிற வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் எங்கள் அயலில்தானே இருக்கிறா, மண்ணெண்ணெயில் ஹொண்டா ஓடுவது எங்களுக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. இன்றைக்கும் இந்தக் கரையில் மண்ணெண்ணெய் இஞ்சின்கள் நிறைய உண்டு: பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு வருகிற ரகம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே பாய்ச்சலில் 340க்குப் போனபோதுதான் பல படகுகள் மணலிலேயே கிடந்தன. அத்தானுடைய புது இஞ்சினுக்கு, பழக்கி முடியும்வரை மண்ணெண்ணெய் போத்தல் கரையில்கூட நிற்கக்கூடாது என்பது மெக்கானிக் அண்ணையின் கட்டளை. மீறத் துணிந்தவர் இல்லை.

குறை ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். எண்ணெய் கொஞ்சம் குடிக்கும். புகை கொஞ்சம் அடிக்கும். அவ்வளவுதான், மேலே போவோம்.

நம்பிக்கை என்பதுதான் விசயம். ஜிடி3 காருக்கே நடந்தது தெரியுமோ? 2014இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. உடனே போர்ஷே, அந்த மாடலில் வெளியே போன 785 காரின் உரிமையாளருக்கும் ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. தேடிப் பார்த்தால், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கிற கோலில் ஒரு திருகாணி இளகி, அது இஞ்சின் உடம்பை உடைத்து, ஒயில் கசிந்து, நெருப்பு. ஒரு திருகாணி! கம்பனி 785 காருக்கும் இஞ்சினையே புதிதாக மாற்றிக் கொடுத்தது. இதை வாசித்தபோது நான் கை தட்டினேன். அந்தக் காரின் மேல் இருந்த ஆசை ஒரு இம்மியும் குறையவில்லை, கூடித்தான் போனது, 9000 சுற்றுச் சுற்றுகிற ஒரு சாமானின் உயிர் ஒரு ஆணியில் தொங்குகிறது என்றால் அது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் கொண்டாட்டம்தானே! ஆனால் ஒன்று. அங்கே இஞ்சின் நின்றால் வீதியோரம் ஒதுக்கிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடலாம். இங்கே வாடைக்காற்று நேரம் கரை மறைகிற தூரத்தில் நின்றால், நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போகும், இன்னொரு படகின் கண்ணில் பட்டால்தான் உண்டு. பந்தயக்காரருக்கு இது விளங்கும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காகப் போர்முலா 1இல் ஓடிய 2005ஆம் ஆண்டில்தான், ஒரே இஞ்சின் இரண்டு பந்தய வார இறுதிகளைத் தாங்கவேணும் என்ற விதி வந்தது. இந்தியானாபோலிஸில் ஆறே கார்கள் ஓடிய அந்த விசித்திரப் பந்தயத்தில் அவர் நாலாவதாக வந்தார். 2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்குமாரின் அணி 24 மணித்தியாலப் போட்டியில் போர்ஷேயை ஓட்டித் தன் பிரிவில் மூன்றாமிடம் எடுத்தபோது எங்கள் வாடியில் பட்டாசு இல்லாத குறைதான். "இருபத்திநாலு மணித்தியாலம் நிக்காமல் ஓடினதாமோ?" என்று மெக்கானிக் அண்ணை கேட்டார். "ஓம் அண்ணை." "பழக்கினவன் கெட்டிக்காரன்" என்றார். ஓட்டியவர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மிச்ச எட்டு மணித்தியாலமும் தொழிலோடு தொழிலாக ஓடி முடிந்தது. எந்த வேகத்திலும் போகலாம், முழுத் திறப்பில் மட்டும் ஒரேயடியாக ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. நான் ஒரு கொப்பியில் மணித்தியாலம் எழுதினேன். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்கு இப்படி ஒரு கொப்பி போட்டாயா என்று கேட்டா. கடைசியில் மெக்கானிக் அண்ணை பிளக்கைக் கழற்றி, வெயிலில் பிடித்து, நுனியைப் பார்த்தார். கரி இல்லை, வெள்ளை இல்லை, நல்ல கபில நிறம். அவர் தலையை ஒருமுறை அசைத்தார். எனக்குப் பட்டம் கிடைத்த அன்றுகூட நெஞ்சு இப்படி அடிக்கவில்லை.

பிறகு முழுத் திறப்பு. வெறும் படகு, வலையும் இல்லை மீனும் இல்லை, அத்தானும் நானும் மட்டும். கைபேசி மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டிக் காட்டியது. சிரிக்காதேங்கோ! தண்ணீருக்கு அரை முழம் மேலே குந்திக்கொண்டு 40இல் போய்ப் பாருங்கோ, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எண்ணிக் காட்டும். அருமைதான். கத்தினேன்தான். ஆனால், வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த இரண்டாவது மணித்தியாலத்துக்கு அது கிட்டவும் வரவில்லை. பழகிய இஞ்சின் சொன்னதைச் செய்யும். பழகாத இஞ்சின் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஏதோ ஒன்றைச் சொல்லும். அந்த ஜிடி3 வாங்கியவன் பழக்கும் காலம் எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பானே, அவனைப் பிடித்து இருத்தி இதைச் சொல்லவேணும் எனக்கு: முட்டாளே, முடியவிடாதே!

பக்கத்து வாடிச் சம்மாட்டி, அதுதான் முதல் நாளே அடித்து ஓடவேணும் என்று நிற்கிறவர், அவரும் ஒரு புது நாற்பதுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. நான் நேற்றே போய்க் கடையாருக்குப் பக்கத்துப் பலகையைப் பிடித்துவிட்டேன், மெக்கானிக் அண்ணையின் சார்பாக அவருடைய கைபிடிக்குக் காவல் இருப்பதும் நான்தான். நடுப்பலகை இன்னும் சும்மா கிடக்குது. வாறதெண்டால் காலமை நாலரைக்கு முதல் கரையில் நில்லுங்கோ, பழைய உடுப்போடு வாங்கோ, புகை வரும்போது வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கோ.